மான் சுட ஒரு பெட்டி சன்னம்

1

சென்ற சனிக்கிழமை என் மகளோடு கடைக்குப் போய், மான் சுடுவதற்கு ஒரு பெட்டி துப்பாக்கிச் சன்னம் வாங்கி வந்தேன். இந்த வசனத்தை எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் வேறு யாரோ எழுதியது போலத்தான் இருக்கிறது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். திருகோணமலைச் சல்லிக் கடற்கரையில் வலை வீசியவரின் மகன், கனடாவுக்குப் போய் வேட்டைக்காரன் ஆகிவிட்டான் என்பீர்கள். நான் ஆகவில்லை. ஆனது என் மகள். நான் கூடப் போனவன் மட்டும்தான். கூடப் போனதே எப்படி நடந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

நான் இருப்பது மேற்குக் கனடாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு சின்ன நகரத்தில். விவசாய இயந்திரங்கள் திருத்துகிற ஒரு கொட்டகையில் வெல்டிங் வேலை. மனைவி மலர் முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை செய்கிறாள். ஒரே மகள் அபிநயா. இருபது வயது, விவசாயக் கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் தெருவில் தமிழ் கதைக்கிறவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அதிலும் ஒருத்தி அரைவாசி.

அபியின் கூட்டாளி ஒருத்தியின் குடும்பத்துக்குப் பெரிய பண்ணை இருக்கிறது. அவர்கள் வருசா வருசம் மான் சுட்டு, தாங்களே வெட்டி, குளிர்பெட்டி நிறைய அடுக்கிவைத்துப் பனிக்காலம் முழுக்கச் சாப்பிடுகிற ஆட்கள். இரண்டு வருசமாக இவளும் அவர்களோடு திரிந்தாள். பிறகு அதற்கான வகுப்புக்குப் போனாள், பரீட்சை எழுதினாள், லைசன்ஸும் எடுத்தாள். ஒவ்வொன்றையும் எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தாள். நாங்கள்தான் ரீவியைப் பார்த்துக்கொண்டு "ம், ம்" என்று கேட்டிருக்கிறோம். கார் லைசன்ஸ் எடுத்தவள் இதையும் எடுத்துவிட்டு அலுமாரிக்குள் போட்டுவிடுவாள் என்று நான் நினைத்தேன்.

2

மூன்று கிழமைக்கு முன்னால், ஒரே நாளில் இரண்டு பேர் என்னை இரண்டு பக்கம் இழுத்தார்கள்.

விடிய வேலைக்கு வெளிக்கிடும்போது ஊரில் இருந்து தங்கச்சி பவானி ஃபோன் எடுத்தாள். அவள் இன்னும் சல்லியில், அம்மன் கோயிலுக்குப் பின் ஒழுங்கையில் இருக்கிறாள்.

"அண்ணா, ஐயர் நாள் பாத்துச் சொல்லிப்போட்டார். அப்பாட திவசம் இந்த முறை வாற மாசம் மூண்டாஞ் சனிக்கிழமை வருது. அண்டைக்கு மீன், இறைச்சி, ஒரு மச்சமும் தொட்டிடாதேங்கோ."

"ஓம், ஓம்" என்று சொன்னேன். அப்பா செத்தபோது எனக்கு இங்கே அகதிப் பேப்பர் சரிவராத காலம். போக ஏலவில்லை. திவசத்தன்று மச்சம் சாப்பிடாமல் இருப்பது ஒன்றுதான் நான் அவருக்குச் செய்கிற காரியம்.

அன்று பின்னேரம் அபி வந்து கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு எதிரே இருந்தாள்.

"அப்பா, மூண்டாஞ் சனிக்கிழமை சீசன் தொடங்குது. அதுக்கு முதல் நான் சன்னம் வாங்கோணும். நீங்களும் வாங்கோ."

"நானோ? எனக்கென்ன தெரியும் அதைப் பற்றி?"

"நீங்கள் வெல்டர்தானே. மெற்றல் எல்லாம் தெரியும். ஈயம் நல்லமோ கொப்பர் நல்லமோ எண்டு நீங்கள் சொல்லுங்கோ. பிழையானதைப் போட்டா மான் உடன சாகாது அப்பா. காயத்தோட ஓடிப்போய் எங்கயாவது ரெண்டு நாள் கிடந்து சாகும். அப்பிடி நடந்தா அது என்ட பிழை."

துவக்கு அந்தப் பண்ணைக்காரருடையது. அதை அவர் இரவல் கொடுக்கிறார். ஆனால் சன்னத்தைத் தெரிவது சுடுகிறவரின் பொறுப்பு என்று சொல்லிவிட்டாராம்.

நான் திவசத்தைச் சொன்னேன். "நான் அண்டைக்கு மச்சம் சாப்பிடமாட்டன்" என்றாள் உடனே. "சுடுறதுக்கும் திவசத்துக்கும் என்ன சம்பந்தம்?" "பாப்பம்" என்றேன். எங்கள் வீட்டில் பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது அவளுக்கு மூன்று வயதிலேயே தெரியும்.

"நீங்கள் எதுக்கும் வாறேல்ல அப்பா. ஹொக்கிக்கும் வரேல்ல, வகுப்பு முடிஞ்ச அண்டைக்கும் வரேல்ல. சரி, இதுக்கும் வராதேங்கோ."

கதவை அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவள் மெதுவாகச் சாத்தினாள். பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று நான் நினைப்பதாகத் தாயிடம் சொல்லியிருக்கிறாள். அது இல்லை. ஆனால் எது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருசம் அவள் வேறு நகரத்துக்குப் படிக்கப் போகிறாள். என்னுடைய 'பாப்பம்'ஐ மட்டும் கொண்டு போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

3

முதலில் மானைச் சாட்டிக்கொண்டு தப்பப் பார்த்தேன்.

திருகோணமலை டவுனில் மான் என்பது மாட்டுக்கும் நாய்க்கும் நடுவிலான ஒரு பிராணி. பஸ் ஸ்டாண்டில் ஆட்களோடு ஆளாக நிற்கும். கோட்டை வாசலில் படுத்துக்கிடக்கும். சோற்றுப் பார்சல் சுற்றிய பேப்பரைத் தின்னும். ஓட்டோக்காரர் ஹோன் அடித்துப் பார்த்துவிட்டு, அது நகராவிட்டால் தான் சுற்றிக்கொண்டு போவார். அதைச் சுடலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றியதில்லை. அதற்கும் அது தெரியும்.

அபிக்கு ஒன்பது வயதில் ஊருக்குப் போனபோது கோட்டை வாசலில் ஒரு மானுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்தாள். அந்தப் படம் பதினொரு வருசமாக எங்கள் பிரிஜ் கதவில் இருக்கிறது. நான் அதைக் காட்டினேன்.

"அது வேற அப்பா" என்றாள். "அதுக்கு ஆக்களைத் தெரியும். இதுகள் காட்டில திரியிறதுகள். எண்ணிக்கை கூடிப்போனா பனிக்குள்ள தீனில்லாமச் சாகும். கடையில வாங்கிற மாட்டிறைச்சி மட்டும் தானா வந்து பக்கெற்றுக்குள்ள படுத்ததோ? நீங்கள் மீன் பிடிச்ச ஆக்கள்தானே?"

அப்பா வலை வீசிய நாட்களில் கரையில் துடிக்காத மீன் ஒன்றாவது இருந்ததா? அது எவ்வளவு நேரம் துடித்தது என்று சல்லியில் யாராவது கேட்டோமா? இவள் ஒரு மானுக்காக மூன்று இரவு புத்தகம் வாசிக்கிறாள். மலர் அடுப்படியில் நின்று, "இறைச்சி வந்தா நான் கறி வைப்பன். துவக்கு மட்டும் வீட்டுக்குள்ள வரப்படாது" என்று தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். என்னிடம் மட்டும்தான் ஒரு தீர்ப்பும் இல்லை.

4

இதற்கு முன்னாலேயே ஒரு தரம் மாட்டுப்பட்டிருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

லைசன்ஸ் விண்ணப்பப் போர்மில் தன்னைத் தெரிந்தவர் என்று அபி என் பெயரையும் எழுதியிருந்தாள். ஒரு நாள் மத்தியானம் வேலை செய்யும்போது லைசன்ஸ் அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் ஃபோன் எடுத்தாள். நல்ல குரல். மகள் கோபக்காரியா, மனக்கவலை ஏதும் உண்டா என்று கேட்டாள். என்னுடைய இங்கிலிஷ் வேலைத்தலத்து இங்கிலிஷ், கோபம் வந்தால் நன்றாக வரும். ஆறுதலாகக் கேட்டால் தடுமாறும். எப்படியோ சமாளித்தேன்.

பிறகு, வீட்டில் ஆயுதம் ஏதும் இருக்கிறதா, முன்னர் இருந்திருக்கிறதா என்றாள். அவள் முடிப்பதற்குள் "நோ" என்றேன். இன்னும் மூன்று தரம் சொன்னேன். "பரவாயில்லை, ஆறுதலாகச் சொல்லுங்கள்" என்றாள் அவள். எனக்கு வேர்த்து, கையுறைக்குள் விரல் வழுக்கியது.

அகதி விசாரணையிலும் இதே கேள்வி வந்தது. அப்போதும் இல்லை என்றுதான் சொன்னேன். பொய்யா உண்மையா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. துவக்கு இல்லாத ஒற்றைச் சன்னம் ஆயுதமா? போர்மில் அதற்கு ஒரு பெட்டி இருக்கவில்லை. ஆரிடம் போய்க் கேட்பது?

5

அபி மேசையில் புத்தகத்தை விரித்துவைத்துக் குறிப்பு எழுதுவாள். நான் தேத்தண்ணி குடிக்கிற சாட்டில் எட்டிப் பார்ப்பேன். ஊரில் நாங்கள் எல்லாவற்றையும் சன்னம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். இங்கே அதற்குள் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. துவக்குக்குப் பொருந்துகிற தடிப்பு ஒன்று. இவளுக்குக் கிடைக்கிற துவக்குக்கு அது முந்நூற்றெட்டு. பிறகு, பறந்து போகிற முனையின் எடை, கிரெயின் கணக்கில். நூற்றைம்பதா, நூற்றறுபத்தைந்தா, நூற்றெண்பதா. எடை கூடினால் ஆழமாகப் போகும், தோளிலும் கூட இடிக்கும். குறைந்தால் வேகம். நடுத்தர மானுக்கு நூற்றைம்பது போதும் என்று கீழே கோடு போட்டிருந்தாள்.

பிறகு ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது. உள்ளே ஈயம், வெளியே முழுக்கச் செம்பால் மூடி, முன்பக்கம் கூராக, விரியாமல் துளைத்துப் போகிற சன்னத்தை மானுக்குப் பாவிக்கக் கூடாது. சட்டப்படி குற்றம். அது உள்ளே போய் விரியாமல் மறுபக்கத்தால் வெளியே வந்துவிடும், மான் உடனே சாகாது, அது வதை.

"இது எங்க பாவிக்கிறது அப்ப?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும்.

"ஆமிகள் பாவிக்கிறது அப்பா. யுத்தத்துக்கு விரியிற சன்னம் கூடாது எண்டு உலகம் முழுக்க ஒரு ஒப்பந்தம் இருக்கு. அது மனிசருக்குக் கூடின கொடுமையாம்."

நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு இதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். மனிதனுக்குச் சட்டமான சன்னம் மானுக்குக் குற்றம். மானுக்குச் சட்டமானது மனிதனுக்குக் குற்றம். இரண்டையும் ஆட்கள் இருந்து யோசித்து, இரக்கப்பட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். இதை ஊரில் ஆருக்கும் விளங்கப்படுத்த என்னால் ஏலாது, எனக்கே விளங்கவில்லை.

6

இனி அதைச் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. வீச்சு வலையின் விளிம்பில் ஈயத் துண்டுகளைச் சுற்றிக் கட்டினால்தான் வலை விரிந்து அடியில் போய் இருக்கும். ஈயம் கடையில் கிடைக்காத சண்டைக் காலம். சல்லிக்கு அங்கால், சுட்டுப் பழகியவர்கள் விட்டுப்போன ஒரு மண் திட்டி இருந்தது. அதைக் கிண்டினால் சன்னம். அம்மாவின் மா அரிக்கிற அரிதட்டைக் கொண்டுபோய் மணலை அரிப்பேன். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரியாத வயதில்லை. தெரிந்தும்தான் போனேன், வலைக்கு ஈயம் வேண்டும்.

அப்பா அவற்றைப் பழைய தகர மா ரின்னில் போட்டு உருக்குவார். சன்னத்தை மூடியிருந்த செம்புத் தோடு மேலே மிதக்கும். அதைக் கரண்டியால் அள்ளிப் புதைத்துவிட்டு, ஈயத்தைச் செங்கல்லில் வெட்டிய பள்ளத்தில் ஊற்றுவார். ஆறிய பிறகு துண்டு துண்டாக வெட்டி, கயிற்றில் சுற்றி, பல்லால் கடித்து இறுக்குவார். அவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "முழுசாக் கிடந்தா தொடாத. கண்டா கடலுக்க எறி."

ஒரு நாள் முழுசாக ஒன்று கிடந்தது. வெடிக்காதது. பித்தளைக் கோது, செம்பு முனை, ஒரு கீறல் இல்லை. நான் அதைக் கடலுக்குள் எறியவில்லை. சேட்டில் துடைத்து, பள்ளிக்கூடக் கொம்பாஸ் பெட்டிக்குள் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, பெட்டியை அலுமாரிக்குப் பின்னால் செருகினேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால், வடிவாக இருந்தது. அதைவிட நல்ல காரணம் ஒன்றை இத்தனை வருசமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ரவுண்டப். ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்து வீடு வீடாக வந்தார்கள். அலுமாரியை இழுத்தார்கள், பெட்டி விழுந்து திறந்தது. ஒருவர் அதைக் கையில் எடுத்து ஆருடையது என்று கேட்டார். மூடியில் என் பெயரை நானே ஆணியால் கீறியிருந்தேன். வந்தவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

"அது என்ட" என்றார் அப்பா. "பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

கேட்டவர் கேட்டு முடிக்கவில்லை, அதற்குள் சொல்லிவிட்டார். நான் சுவரோடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் பிடித்துக்கொண்டு போன அப்பா பத்தொன்பது நாள் கழித்து வந்தார். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. வீச்சு வலை தோளுக்கு மேலால் வீசுகிற வலை. அவர் என்னை ஏசவில்லை. ஏன் வைத்தாய் என்று கேட்கவும் இல்லை. ஈயத் துண்டு முழுவதையும் வலையில் இருந்து கழற்றிவிட்டுச் சைக்கிள் கடையில் வாங்கிய இரும்பு நட்டுகளைக் கட்டச் சொன்னார். பிறகு கரையில் இருந்துகொண்டு, "நீ வீசு" என்பார். அவ்வளவுதான். நாலு வருசம் நான் வீசினேன், ஒரு நாளாவது அவர் வீசியது போல விரியவில்லை. பிறகு இங்கே வந்துவிட்டேன்.

இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. மலரிடமும் இல்லை. மனதுக்குள் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த நேரம் அப்பா என்ன நினைத்துச் சொன்னார்? என் பெயரை வாசித்தார், எல்லாவற்றையும் யோசித்தார், பிறகு சொன்னார் என்றால், அந்தப் பத்தொன்பது நாளும் அதை நினைத்துத் துக்கப்பட்டிருப்பார். வந்து என் முகத்தைப் பார்த்தபோது, இவனுக்காகவா என்று நினைத்திருப்பார். ஏசாமல் இருந்தது அதனால்தான் என்று ஒரு நாள் நினைப்பேன். இல்லை, மன்னித்துவிட்டார் என்று இன்னொரு நாள். இரண்டும் எனக்கு நித்திரை தந்ததில்லை.

7

வெள்ளிக்கிழமை பின்னேரம் அபியின் அறை வாசலில் போய் நின்று, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பத்துக்கு" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அவளுக்கு நன்றி.

அந்தக் கடையில் சப்பாத்து, மெழுகுதிரி, மீனுக்குப் போடுகிற புழு, துவக்கு எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கவுண்டரில் லின்டா என்று ஓர் அறுபது வயதுப் பெண், கழுத்தில் கண்ணாடி தொங்குகிறது. அபியிடம் துவக்கைப் பற்றிக் கேட்டாள், எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறாய் என்று கேட்டாள், இறைச்சியைச் சாப்பிடப் போவது யார் என்றும் கேட்டாள். பிறகு மூன்று பெட்டியில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து மூன்று சன்னங்களை நிமிர்த்தி வைத்தாள். ஈய முனை, ஈயமும் செம்பும் சேர்த்து ஒட்டியது, முழுச் செம்பு.

நான் மெல்ல மீன்பிடிச் சாமான் பக்கம் நழுவினேன். அங்கே சின்னச் சின்னப் பக்கெற்றுகளில் தூண்டிலுக்குக் கட்டுகிற பாரங்கள் தொங்கின. 'ஈயம் இல்லை' என்று பெருமையாக எழுதியிருந்தது. அதையே வாசித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா" என்று அபி கூப்பிட்டாள்.

போனேன். லின்டா ஒன்றை எடுத்து, கேட்காமலே என் உள்ளங்கையில் வைத்துவிட்டாள். அதே நீளம். அதே தடிப்பு. பித்தளையின் அதே நிறம். முனை மட்டும் வேறு. நான் கையை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. "சுகமாக இருக்கிறீர்களா?" என்று லின்டா கேட்டது எங்கேயோ தூரத்தில் கேட்டது. அபி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதும் 'பாப்பம்' என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் காரில் இருக்கலாம். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். இனி எதற்கும் கூப்பிடவும் மாட்டாள்.

"ஈயம் மெதுவானது" என்றேன் தமிழில். என் குரல் எனக்கே பிடிபடவில்லை. "பல்லால கடிச்சாப் பல்லுப் பதியும். உன்ட அப்பப்பா கடிச்சுக் கடிச்சுத்தான் வலைக்குக் கட்டினவர். எலும்பில பட்டா அது தூளாப் போகும், கண்ணுக்குத் தெரியாத தூள். சாப்பிடுற இறைச்சிக்க அது வேண்டாம் பிள்ளை. செம்பு உடையாது. செம்பை எடு."

அபி அதை இங்கிலிஷில் சொன்னாள். லின்டா தலையாட்டினாள். செம்பு முனை பூப்போல விரியும், ஆனால் ஒரு துண்டாகவே இருக்கும், உன் அப்பா சொல்வது சரி என்றாள். ஒரே ஒரு விசயம், செம்பு கொஞ்சம் வேறு மாதிரிப் பறக்கும், ஆகையால் எந்தப் பெட்டியை வைத்துத் துவக்கின் குறியைச் சரிபார்க்கிறாயோ அதே சன்னத்தால்தான் மானையும் சுட வேண்டும், கடைசி நேரத்தில் மாற்றக் கூடாது. வேகம் குறைந்தால் அது விரியாது, அதனால் கிட்டப் போய்ச் சுடு.

"நூற்றைம்பது, செம்பு" என்றாள் அபி. லைசன்ஸைக் காட்டி வாங்கினாள். கடை வாசலில் வைத்து, "உங்களுக்கு இவ்வளவு தெரியும் எண்டு எனக்குத் தெரியாது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், அவள் சிரித்துப் பல நாள். காரில் ஏறியதும் பெட்டியை என்னிடம் தந்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நான் அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

8

நேரே பண்ணைக்குப் போய்க் குறி சரிபார்ப்பதாக இருந்தது. துவக்கு அங்கே, பண்ணைக்காரரின் பூட்டிய பெட்டியில் கிடந்தது. கிறவல் ரோட்டுக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு ட்ரக் குறுக்கே நின்றது. சீருடை, தொப்பி, இடுப்பில் பிஸ்ரல். அவர் கையைத் தூக்கினார். வாத்து வேட்டைக் காலம் நடக்கிறது, இந்த நாட்களில் வனவிலங்கு அதிகாரிகள் இப்படி மறித்துப் பார்ப்பது வழக்கம். அபிக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். என் கைக்குத் தெரியவில்லை. அது பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அபி கண்ணாடியை இறக்கி, நல்ல சந்தோசமாக லைசன்ஸை நீட்டினாள். அவர் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். பிறகு குனிந்து என் மடியைப் பார்த்தார்.

"அது யாருடையது?" என்று கேட்டார்.

"அது என்ட" என்றேன். "பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

தமிழில் சொன்னேன். அவர் கேட்டு முடிக்கவில்லை, அதற்குள் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

அதிகாரி அபியைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

அபி திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எதைக் கண்டாளோ தெரியாது. பிறகு அவரிடம் சொன்னாள், "தான் என்னுடைய அப்பா என்று சொல்கிறார். அந்தப் பெட்டி என்னுடையது."

அவர் சிரித்து, "அது பார்த்தாலே தெரிகிறது" என்று சொல்லிவிட்டு வழியை விட்டார்.

அரைக் கிலோமீற்றர் போய் அபி காரை ஓரம் கட்டினாள். "என்ன அப்பா அது? ஏன் உங்கட எண்டு சொன்னீங்கள்?"

சொன்னேன். மண் திட்டி, அரிதட்டு, கொம்பாஸ் பெட்டி, மூடியில் பெயர், பத்தொன்பது நாள், எழும்பாத கை. தமிழ் விளங்காத இடங்களில் நிறுத்திக் கேட்டாள். மற்ற இடங்களில் கேட்கவில்லை. கார் ஹீற்றர் ஓடிக்கொண்டே இருந்தது. சொல்லி முடிய எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அவள் முன்கண்ணாடியால் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்ட லைசன்ஸ் இருக்கு. உங்களிட்ட இல்ல. உங்கட எண்டு சொன்னா உங்களைத்தான் பிடிச்சிருப்பினம். தெரியாதோ?"

"தெரியும்."

"அப்ப யோசிச்சுத்தான் சொன்னீங்களோ?"

"இல்ல. வாய் சொல்லிட்டுது."

"என்னில கோவம் வந்ததோ?"

"உன்னில என்ன கோவம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சாதாரணமாக, கடைக் கணக்கு ஒன்றைச் சரிபார்க்கிறவள் போலச் சொன்னாள். "அப்ப அப்பப்பாவும் யோசிச்சிருக்க மாட்டார். கோவமும் வந்திருக்காது."

முப்பத்தைந்து வருசமாக அப்பா அந்த இடத்தில் என்ன நினைத்தார் என்று தேடுகிறேன். அந்த இடத்தில் நினைக்க நேரமே இல்லை. இப்போது அந்த இடத்தில் நான் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். வருகிற சனிக்கிழமை நான் மச்சம் தொடாமல் இருப்பேன், அதே நேரம் மகள் மானைத் தேடிப் போவாள், இரண்டையும் எப்படி ஒரே நாளில் வைப்பது என்று தெரியவில்லை. அன்று பவானி ஃபோன் எடுக்கும்போது அந்தக் கொம்பாஸ் பெட்டிச் சன்னம் என்னுடையது என்று அவளிடம் சொல்ல நினைத்திருக்கிறேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்குமோ, அதுவும் தெரியாது.

அபி காரை ஸ்டார்ட் பண்ணினாள். நான் இன்னும் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்தேன், அதன் மூலைகள் உள்ளங்கையில் பதிந்திருந்தன. அவள் கையை நீட்டினாள்.

"தாங்கோ அப்பா. அது என்ட."

கொடுத்தேன். அவள் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினாள்.